சமையல் பாட்டிலில் ஒளிந்திருந்த எமன்! ஒயின் வாங்குவதில் உஷார், மூடி திறப்பதில் அதைவிட உஷார்!

குழம்புக்கு நாம் புளி கரைத்து ஊற்றுகிற மாதிரி, பிரான்சிலும் இத்தாலியிலும் இறைச்சி வேகும் சட்டியில் ஒயின் ஊற்றுகிறார்கள். அங்கே இது தினசரி நடப்பு. காய்கறி, ரொட்டியோடு சேர்த்து ஒரு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

"எப்படியும் கொதிக்கத்தானே போகுது? எதை ஊத்தினா என்ன?" என்று இருப்பதிலேயே மலிவான பாட்டிலைத் தேடி எடுக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கேயும் உண்டு.

அந்த மலிவுச் சரக்கில்தான் 1986-ம் ஆண்டு எமன் வந்து உட்கார்ந்தான்.

மிலான் நகரில் மர்மச் சாவு

1986 மார்ச் மாதம். இத்தாலியின் மிலான் நகரம். சாப்பாட்டோடு ஒயின் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டார்கள். சிலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களிலும் பலருக்குப் பார்வை போய்விட்டது.

இறந்தவர்கள் பெருங்குடிகாரர்கள் அல்ல. கள்ளச்சாராயம் தேடிப் போனவர்களும் அல்ல. பட்டப்பகலில், பெரிய கடையில், பில் போட்டு, லேபிள் ஒட்டிய பாட்டிலை வாங்கியவர்கள். 'பார்பேரா' என்ற சாதாரண சிவப்பு ஒயின். ஏழை எளியவர்கள் வாங்கும் ரகம்.

பாட்டிலில் மிச்சம் இருந்ததைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். குட்டு உடைந்தது. உள்ளே இருந்தது மெத்தனால்!

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அதே மெத்தனால்தான்.

தந்தையும் மகனும்

இத்தாலியில் உணவுக் கலப்படத்தைப் பிடிப்பதற்கென்றே ஒரு தனிப் போலீஸ் படை உண்டு. 'நாஸ்' என்று பெயர். 1962-ல் ஆரம்பித்தது. பாட்டிலில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படை கிளம்பியது.

கடையில் விசாரித்தார்கள். கடைக்காரர், பாட்டிலில் அடைத்த கம்பெனியைக் காட்டினார். பாட்டில் கம்பெனிக்காரர், மொத்த வியாபாரியைக் காட்டினார். தடயம் கடைசியில் பீட்மாண்ட் மாநிலத்தில் நார்சோலே என்ற ஊரில் போய் நின்றது. அங்கே ஒரு தந்தையும் மகனும் ஒயின் மொத்த வியாபாரம் செய்து வந்தார்கள். இருவரும் கைதானார்கள். வேறு பலரும் வலையில் சிக்கினார்கள்.

எதற்காக மெத்தனால்? எல்லாம் காசுதான்!

சாதாரண ஒயினில் 100-க்கு 11, 12 பங்கு ஆல்கஹால் இருக்க வேண்டும். மட்டமான திராட்சையில் அந்த அளவு வராது. சத்தில்லாத, தண்ணீர் மாதிரியான ஒயின்தான் வரும். அதை விற்க முடியாது. ஒழுங்கான வழியில் வீரியத்தைக் கூட்டச் செலவு அதிகம். மெத்தனாலோ வார்னிஷ், பெயிண்டு தொழிலுக்குப் போகிற சரக்கு. அதன் மீது இருந்த வரியை 1984-ல் இத்தாலி அரசு நீக்கிவிட்டது. விலை படுத்தது. ஆசாமிகளின் புத்தி வேலை செய்தது.

மெத்தனால் கலந்தால் ஒயின் நிறம் மாறாது. வாசனையில் பிடிபடாது. குடித்தவனுக்குப் போதையும் ஏறும். பிறகுதான் அது வேலையைக் காட்டும். கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், அப்புறம் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம் முதலில் தாக்குவது கண் நரம்பை. பல மணி நேரம் கழித்து, "கண்ணுக்கு முன்னால வெள்ளையா பனி மாதிரி தெரியுது" என்று நோயாளி சொல்லும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும்.

சீக்கிரம் கொண்டுபோனால் காப்பாற்ற வழி உண்டு. வேடிக்கை என்னவென்றால், மாற்று மருந்தாகக் கொடுப்பது நல்ல ஆல்கஹாலான எத்தனாலைத்தான்! அது கல்லீரலைப் பிடித்து வைத்துக்கொள்ள, மெத்தனால் விஷமாக மாறாமல் வெளியேறும். இதைவிடச் சிறந்த 'போமெபிசோல்' என்ற ஊசியும் இப்போது இருக்கிறது. கூடவே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். ஆனால் இதெல்லாம் டாக்டர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் ஆளுக்கொரு கை வைத்தியம் பார்த்தால் ஆள் போய்விடுவான்.

இத்தாலியில் 23 பேர் மாண்டார்கள். தந்தைக்கும் மகனுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. பிரான்ஸ் நாடு இத்தாலிய ஒயின் சரக்கைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தியது. குற்றமே செய்யாத விவசாயிகளின் ஒயினும் பீப்பாயோடு தேங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே உணவு மோசடியைத் தடுக்க இத்தாலியில் புதுச் சட்டம் வந்தது, தனி இன்ஸ்பெக்டர் படையும் வந்தது. 23 பேர் போன பிறகு!

இதற்கு முந்தைய ஆண்டு, 1985-ல், ஆஸ்திரியாவில் ஒரு கூத்து நடந்தது. மலிவு ஒயினை உயர்ந்த ரகம் மாதிரி இனிப்பாகவும் கொழகொழப்பாகவும் காட்ட, 'டை எத்திலீன் கிளைக்கால்' என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் குட்டு வெளிப்பட்டது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் ஆஸ்திரிய ஒயினைச் சீந்த ஆளில்லாமல் போயிற்று.

கொதித்தால் போய்விடுமா?

"ஒயினைக் கொதிக்க வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். குழந்தைக்கும் கொடுக்கலாம்." சமையல்காரர்கள் காலம் காலமாகச் சொல்லும் வசனம் இது. பாதி உண்மை. பாதி புருடா.

ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது சரிதான். ஆனால் இரண்டும் கலந்த பிறகு, ஒன்று மட்டும் ஓடிவிடாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்க விஞ்ஞானிகள் சமைத்தே பார்த்து 1992-ல் கணக்கு வெளியிட்டார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணையிலும் அது இருக்கிறது. கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 100-க்கு 85 பங்கு ஆல்கஹால் அப்படியே இருக்கும்! கால் மணி நேரம் கொதித்தால் 40 பங்கு. அரை மணிக்கு 35. ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் 5 பங்கு பாக்கி.

ஓட்டலில் சட்டியில் தீயைப் பற்றவைத்து 'குபீர்' என்று ஜுவாலை காட்டுகிறார்களே, அது வெறும் வாணவேடிக்கை. அதிலும் 75 பங்கு மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தில் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஏறும். அதனால்தான் விஷயம் தெரிந்த சமையல்காரர் சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுவார்.

இந்தக் கணக்கு யாருக்கு முக்கியம்? குடியை நிறுத்த 'டைசல்பிராம்' மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மிக முக்கியம். சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சம் ஆல்கஹாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விட்டுவிடும். மார்க்கம் காரணமாகத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்கும் வெளிநாட்டு ஓட்டலுக்கும் போகிற நம்ம ஊர்ப் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும். விருந்தாளி கேட்டால், "எல்லாம் ஆவியாயிடுச்சு சார்" என்று அடித்துவிடக் கூடாது. ஒயின் ஊற்றியது என்று சொல்லிவிடுவதுதான் நாணயம்.

எந்த பாட்டில்?

பிரான்சில் பர்கண்டி என்ற வட்டாரம். அங்கே மாட்டிறைச்சியை வெங்காயம், காளான், பன்றிக் கொழுப்போடு சேர்த்து, சிவப்பு ஒயினில் இரண்டரை, மூன்று மணி நேரம் வேக வைப்பார்கள். 'பெஃப் பூர்கினியோன்' என்று பெயர். வயசான சேவலையும் இப்படித்தான் வேக வைப்பது வழக்கம். கடிக்க முடியாத கறியும் பஞ்சாகிவிடும்.

அந்தச் சட்டிக்கு ஆயிரக்கணக்கில் விலை போகும் பழைய ஒயின் எடுத்தால் அது பைத்தியக்காரத்தனம். மூன்று மணி நேரக் கொதிப்பில் அதன் மென்மையான வாசனையெல்லாம் போயே போய்விடும். அதற்காகக் குடிக்க முடியாத கழிவையும் ஊற்றக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும். ஒயினில் இருக்கும் குணமும் குற்றமும் இரண்டு மடங்காகத் திரளும். புளிப்பு அதிகம் என்றால் புளிப்பு ஏறும். இனிப்பு என்றால் பாயசம் மாதிரி ஆகும். வாயை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு இருந்தால் குழம்பு கசந்துவிடும்.

ஆக, இனிப்பில்லாத, அதிகம் துவர்க்காத, நடுத்தர விலை பாட்டில். சிவப்பு என்றால் பினோ நுவார், மெர்லோ. மீனுக்கும் கோழிக்கும் வெள்ளை என்றால் சோவின்யோன் பிளாங்க், பினோ கிரிஜியோ. மரப்பீப்பாயில் வைத்து வாசனை ஏற்றிய வெள்ளை ஒயின், வற்றினால் கசக்கும். ஊற்றும் முன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. முகம் சுளித்தால் அது சட்டிக்கும் ஆகாது.

இத்தாலியின் சிசிலித் தீவில் 'மர்சாலா' என்று ஒரு ரகம், ஸ்பெயினில் 'ஷெர்ரி' என்று ஒரு ரகம். இவை ஆல்கஹால் சேர்த்து வீரியம் ஏற்றியவை. ஒரு கரண்டி போதும். திறந்து வைத்தாலும் பல நாள் தாங்கும்.

பாத்திரமும் கவனிக்க வேண்டிய சமாச்சாரம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். ஒயினும் புளிப்புதான். பூச்சில்லாத அலுமினியத்திலும் இரும்பிலும் வைத்தால் நிறம் கெட்டு உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர், எனாமல் இருந்தால் தொல்லை இல்லை.

உப்பு போட்ட தில்லுமுல்லு

அமெரிக்கக் கடைகளில் 'குக்கிங் ஒயின்' என்றே லேபிள் ஒட்டிய பாட்டில் வினிகருக்குப் பக்கத்தில் நிற்கும். பெயரைப் பார்த்து, சமையலுக்கென்றே தயாரித்த உயர்ந்த சரக்கு என்று எடுப்பார்கள். அது மட்டமான ஒயினில் உப்பைக் கொட்டியது!

எதற்கு உப்பு? யாரும் குடிக்கக் கூடாது என்பதற்குத்தான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. குடிக்க லாயக்கில்லாதபடி கெடுத்த ஒயினுக்கு மட்டும் சமையல் பெயரில் விதிவிலக்கு உண்டு. மதுவிலக்கு போய்விட்டது, உப்பு போகவில்லை. இன்றைக்கும் அங்கே சட்டப்படி 100 மில்லிக்கு குறைந்தது 1.5 கிராம் உப்பு இருக்க வேண்டும். ஒரு 750 மில்லி பாட்டிலில் 11 கிராமுக்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். ரத்தக் கொதிப்புக்காரர் வீட்டுச் சட்டியில் இது விழுந்தால் என்ன ஆவது? குழம்பு வற்றின பிறகு வாயிலேயே வைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

உயர்ந்த விலை கொடுத்தால் ஏமாற மாட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். ரூடி குர்னியவான் என்று இந்தோனேசியாவைச் சேர்ந்த ஒரு ஆசாமி. அமெரிக்கக் கோடீசுவரர்களுக்கு அரிய பழைய ஒயின் என்று விற்றுக் கோடிக்கணக்கில் சுருட்டினார். 2012 மார்ச்சில் எப்.பி.ஐ. போலீசார் கலிபோர்னியாவில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால், வீடே தொழிற்சாலை! லேபிள் கட்டுக் கட்டாக, கார்க் குவியலாக, காலி பாட்டில்கள் ஊறிக்கொண்டு. அங்கேயே மலிவு ஒயினைக் கலந்து பழைய பாட்டிலில் அடைத்திருக்கிறார். 10 ஆண்டு சிறைத் தண்டனை. 2021-ல் நாடு கடத்தப்பட்டார்.

மூடி திறக்கும் படலம்

நல்ல பாட்டிலாகப் பார்த்து வாங்கியாயிற்று. இனி திறக்க வேண்டும். இங்கேதான் கை கிழிபடுகிறது.

பாட்டில் வாயில் இருக்கும் கார்க், ஒரு மரத்தின் பட்டை. போர்ச்சுகல் நாட்டில்தான் அதிகம். மரம் நட்டு 25 வருஷம் ஆன பிறகே முதல் தடவை பட்டை உரிப்பார்கள். அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு முறை. எந்த வருஷம் உரித்தது என்று மரத்திலேயே எண் எழுதி வைப்பார்கள். முதல் இரண்டு தடவை உரித்த பட்டை மூடிக்கு ஆகாது. மூன்றாவது உரிப்புதான் ஆகும். ஆக, தாத்தா நட்ட மரத்தில் பேரன் கார்க் எடுக்கிறான்.

இவ்வளவு பாடுபட்டு வந்த கார்க்கை, ஆசாமிகள் கத்தியால் நோண்டுகிறார்கள். ஸ்குரு டிரைவரால் குத்துகிறார்கள். இன்னும் சிலர் சினிமாவில் பார்த்துவிட்டு பாட்டிலைச் செருப்புக்குள் வைத்துச் சுவரில் 'டமார் டமார்' என்று மோதுகிறார்கள். ஒன்று கார்க் வரும், அல்லது பாட்டில் உடைந்து உள்ளங்கை நரம்பு போகும். இரண்டில் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது!

இதற்கென்றே கார்க் ஸ்குரு இருக்கிறது. சாமுவேல் ஹென்ஷால் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1795-லேயே பேடண்ட் வாங்கினார். ஓட்டல் சர்வர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் மடக்கு ரகம், 1882-ல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் கொண்டு வந்தது. பேனாக்கத்தி மாதிரி மடங்கும். விலையும் அதிகமில்லை.

முதலில் பாட்டில் வாயைச் சுற்றியுள்ள தகட்டை, விளிம்புக்குக் கீழே சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பழைய பாட்டில் என்றால் இது கட்டாயம். அந்தக் காலத்துத் தகடு ஈயம். அமெரிக்கா 1996-ல்தான் அதைத் தடை செய்தது.

பாட்டிலை மேசை மேல் நிற்க வைத்து, ஸ்குரு முனையைக் கார்க்கின் நடுவில் குத்தி, நேராகத் திருக வேண்டும். கோணலாகப் போனால் கார்க் பிய்ந்துவிடும். கடைசிச் சுற்று ஒன்று வெளியே தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். முழுசும் இறக்கினால் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு தூள் உள்ளே விழும். பிறகு நெம்புகோலை விளிம்பில் மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். கடைசி அரை அங்குலத்தைக் கையால் ஆட்டி எடுத்தால் ஒயின் மேலே தெறிக்காது.

கார்க் பாதியில் முறிந்தால் பதறத் தேவையில்லை. மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றலாம். ஆனால் பாட்டில் வாயில் கண்ணாடி பெயர்ந்திருந்தால் வடிகட்டுகிற வேலையே வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சாக்கடையில் கொட்டிவிட வேண்டியதுதான். கண்ணாடித் தூள் துணியில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

திறந்ததும் ஒரு முறை முகர்ந்து பார்ப்பது அவசியம். மழையில் நனைந்த பழைய பேப்பர் வாடை அடித்தால் கார்க் கெட்டுப்போய் ஒயினையும் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். இதற்குக் காரணமான 'டி.சி.ஏ.' என்ற பொருளை 1981-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிக்குத்தான் கேடு. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000-ம் ஆண்டு பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். சமையலுக்கு வாங்குகிறவர்களுக்குத் திருகு மூடிதான் தோது. கார்க் இருந்தால்தான் கவுரவம் என்பது மேசைக்காரர்கள் பேச்சு.

கண்ணைப் பறிக்கும் ஷாம்பெயின்

சாதாரண ஒயின் கையோடு விட்டுவிடும். ஷாம்பெயின் கண்ணைக் கேட்கும்!

கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்த பாட்டிலுக்குள் அடைபட்டிருக்கிறது. மூடி பறந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கூட வரும் என்று அமெரிக்கக் கண் டாக்டர்கள் சங்கம் எச்சரிக்கிறது. 19-ம் நூற்றாண்டில் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் பாதாளக் கிடங்கில் வேலை செய்தவர்கள், பாட்டில் வெடிக்கும் என்று பயந்து முகத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

கல்யாண ரிசப்ஷனில், பிறந்த நாளில் பாட்டிலைக் குலுக்கி 'டப்' என்று திறந்து கைதட்டல் வாங்குகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. விருந்தாளியின் கண் போனால் கைதட்டினவன் வந்து நிற்க மாட்டான்.

பாட்டில் நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும். சூடு ஏற ஏற அழுத்தம் ஏறும். குலுக்கவே கூடாது. கம்பி வலையை அவிழ்க்கும்போதே கட்டை விரல் மூடி மேல் இருக்க வேண்டும். மேலே ஒரு துண்டைப் போட்டு, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மூடியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். 'உஸ்' என்று பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தால் சரியாகத் திறந்தாயிற்று. ஷாம்பெயினுக்கு ஒருபோதும் கார்க் ஸ்குரு கூடாது.

திறந்த பாட்டிலில் மிஞ்சிய சாதாரண ஒயினை மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் சமையலுக்குத் தாங்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துப் போடுபவர்களும் உண்டு.

கிறிஸ்துமசுக்குக் கேக் செய்ய வீட்டிலேயே திராட்சையைப் புளிக்க வைக்கும் பழக்கம் சென்னையில் சில குடும்பங்களில் உண்டு. புளிக்கும்போது வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கி அடைத்து வைத்தால் பாட்டில் நடு ராத்திரியில் வெடிக்கும். தவிர, லைசென்சு இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1937-ல் போட்டது, இன்னும் அமலில் இருக்கிறது. கேக்குக்குத்தான் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் 'கேக்குக்கு' என்று சட்டத்தில் தனிச் சலுகை இல்லை.